சுத்தியல் விழுந்த இடத்தில்தான் படம் நிற்கிறது

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். நகைச்சுவைப் படத்தைத் தூக்கி நிறுத்துவது துணை நடிகர்களே என்பது எங்கள் அணி. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு குத்து குத்திவிட்டுப் போனார். "பிரண்ட்ஸ் படத்தில் வடிவேலு காட்சிகளை வெட்டி எறிந்தாலும் கதை அப்படியே இருக்கும், அதெல்லாம் வெறும் ஒட்டுவேலை" என்றார். நீங்களும் கைதட்டினீர்கள்.

சரி தம்பி, வெட்டுங்கள். 2001இல் சித்திக் இயக்கிய படம். விஜய், சூர்யா இருக்கிறார்கள், இளையராஜா இசை. வடிவேலு நடித்த நேசமணியை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன? நட்பு, சந்தேகம், பிரிவு, கண்ணீர். பத்துப் படத்தில் பார்த்த சங்கதி. கதை அப்படியே இருக்கும்தான். நாற்காலியில் ஆள் இருக்க மாட்டார்!

அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பழைய பங்களாவில் பெயிண்ட் வேலை. காண்ட்ராக்டர் நேசமணி கீழே. ரமேஷ் கண்ணா மேலே. மேலே இருப்பவர் கையில் சுத்தியல்... பார்த்தீர்களா, இன்னும் சுத்தியலே விழவில்லை, அதற்குள் சிரிக்கிறீர்கள்! விழட்டும். விழுந்தது. எங்கே? சொல்லுங்கள், சத்தமாகச் சொல்லுங்கள், எங்கே விழுந்தது?

தலையில்! விழுந்து பதினெட்டு வருடம் ஆன பிறகு, 2019 மே மாதம், பாகிஸ்தானிலிருந்து நடந்த ஒரு பொறியியல் முகநூல் பக்கம் சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதன் பெயர் என்ன என்று கேட்டது. நம்ம ஊர்ப் பிள்ளை பெயரைச் சொன்னதோடு விட்டாரா? இது விழுந்துதான் நேசமணியின் மண்டை உடைந்தது என்றும் எழுதினார். விவரம் தெரியாத ஒருவர், இப்போது அவர் நலமா என்று விசாரித்தார். அவ்வளவுதான்! நேசமணிக்காகப் பிரார்த்தியுங்கள் என்று ட்விட்டரே அல்லோலகல்லோலப்பட்டது. நான் கேட்கிறேன், அன்றைக்குக் கதாநாயகனுக்காக யாராவது பிரார்த்தித்தார்களா? கதைக்காகப் பிரார்த்தித்தார்களா?

இதே கதை 1999இல் மலையாளத்தில் ஓடவில்லையா என்பார்கள். ஓடியது. அங்கே இந்த வேடத்தில் யார்? மலையாள நகைச்சுவை நடிகர் ஜகதி ஸ்ரீகுமார்! அங்கேயும் படத்தைத் தாங்கிய தூண் துணை நடிகர்தான்.

வடிவேலு மட்டுமா? சுத்தியலை நழுவவிட ரமேஷ் கண்ணா வேண்டும், பக்கத்தில் சார்லி வேண்டும், மேனேஜராக மதன் பாப் வேண்டும். ஒருவர் கால் நொடி பிசகினாலும் சிரிப்பு வராது.

எங்கள் அப்பா போன பிறகு அம்மா யாரோடும் பேசாமல் இருந்தார். ஒருநாள் டிவியில் இந்தப் படம், பாதியிலிருந்து. பெரிய கடிகாரத்தைக் கயிறு கட்டி இறக்கும் காட்சி. அம்மா வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சமையலறையில் இருந்த அக்கா ஓடி வந்து அழுதுவிட்டாள். முன்கதை என்ன என்று அம்மா கேட்கவே இல்லை, நடுவர் அவர்களே.

மதன் பாப் 2025 ஆகஸ்டில் காலமாகிவிட்டார். தீர்ப்பு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகட்டும். தம்பிக்குத் தட்டிய கைகளால் அவருக்கும் ஒருமுறை தட்டுங்கள். நன்றி, வணக்கம்.