இரண்டு சின்ன சர்வர்கள்

வணக்கம் நேயர்களே. இணையதளம் நின்றுபோகாமலும் செலவு எகிறாமலும் பார்த்துக்கொள்வது பற்றி இன்று பேசுவோம். "எங்கள் தளம் 99.9 சதவீத நேரம் இயங்கும்" என்று ஒருவர் உறுதி கொடுத்தால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கணக்குப் போட்டால், வருடத்துக்கு எட்டே முக்கால் மணி நேரம் அது படுத்துக்கிடக்கலாம். இன்னொரு 9 சேர்த்து 99.99 ஆக்கினால் 53 நிமிடம்தான். ஆனால் அந்த 9-க்குத்தான் செலவு எகிறும். எட்டு மணி நேரம் தளம் நின்றால் நமக்கு என்ன நஷ்டம்? முதலில் அதைப் பாருங்கள்.

2013-இல் டாக்கர் என்ற மென்பொருள் வந்தபின் கன்டெய்னர்கள், அதாவது ஒரு செயலியை அதற்குத் தேவையானவற்றோடு சேர்த்துக் கட்டிய பொட்டலங்கள், பரவலாயின. ஒன்று செத்தால் அதே இமேஜ் என்ற அச்சிலிருந்து இன்னொன்றைச் சில நொடிகளில் எழுப்பலாம். ஆகவே பெரிய சர்வர் ஒன்றைவிட, சின்னதாக இரண்டு மேல். இரண்டும் வெவ்வேறு டேட்டா சென்டரில் இருக்கட்டும். முன்னால் நின்று வருகிறவர்களைப் பிரித்து அனுப்பும் லோட் பேலன்சர் அடிக்கடி நலம் விசாரித்து, பதில் சொல்லாத சர்வருக்கு யாரையும் அனுப்பாது. ஒரு நிபந்தனை: ஒன்று விழுந்தால் மற்றது முழுச் சுமையையும் தாங்க வேண்டும். இரண்டும் 80 சதவீதத்தில் திணறிக்கொண்டிருந்தால், ஒன்று போனதும் மற்றதும் போய்விடும்.

இதற்கே குபர்னெட்டிஸ் வேண்டும் என்பார்கள். கன்டெய்னர்களைத் தானாக நிர்வகிக்க, 2014-இல் கூகுள் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட அருமையான கருவி அது, மறுக்கவில்லை. ஆனால் இரண்டு சர்வருக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. அதைப் பராமரிக்கத் தெரிந்த ஆளின் நேரமும் செலவுதானே?

கிளவுட் நிறுவனங்கள் தங்களிடம் சும்மா இருப்பதை மலிவாக வாடகைக்கு விடும் ஸ்பாட் சர்வர்களும் உண்டு. அமேசானின் கிளவுட் சேவையில் இரண்டே நிமிட முன்னறிவிப்பில் பிடுங்கிக்கொள்வார்கள். கூட்டம் கூடும்போது கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அடிப்படைக்கு ஆகாது.

சரி, மிச்சப்படுத்திய பணம் எங்கே போக வேண்டும்? டேட்டாபேஸுக்கு. கன்டெய்னரைத் தூக்கிப் போடலாம், தரவைப் போட முடியாது. ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் வாங்கிக்கொண்டு இன்னொரு டேட்டா சென்டரில் தயாராக நிற்கும் பிரதி ஒன்று வேண்டும். அப்புறம் பேக்கப் தனி. தவறுதலாக அழித்த அட்டவணை பிரதியிலும் உடனே அழிந்துவிடும்!

எல்லாம் அமைத்த பிறகு, ஆள் குறைந்த நேரத்தில் ஒரு சர்வரை நீங்களே நிறுத்திப் பாருங்கள். தளம் தடுமாறினால், யாரோ பதிவேற்றிய படமோ யார் உள்ளே நுழைந்திருக்கிறார் என்ற லாகின் செஷன் விவரமோ அந்த ஒரு சர்வரில் மட்டும் உட்கார்ந்திருக்கக்கூடும். அதைப் பொதுவான சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டு மறுபடி நிறுத்திப் பாருங்கள். நன்றி, வணக்கம்.