மனச்சிதைவு: வீட்டில் எப்படிப் பேசுவது?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஜன்னலுக்கு வெளியே நின்று திட்டுகிறார்களே, உனக்குக் கேட்கவில்லையா?" என்று வீட்டில் ஒருவர் கேட்டால் என்ன சொல்வீர்கள்? "உளறாதே" என்றுதான் முதலில் வாயில் வரும். ஆனால் ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோய் உள்ளவருக்கு அந்தக் குரல் நிஜமாகவே கேட்கிறது. வாதாடி அதை நிறுத்த முடியாது. அதற்காக "ஆமாம், எனக்கும் கேட்கிறது" என்று ஒத்து ஊதவும் வேண்டாம். "எனக்குக் கேட்கவில்லை. உனக்குப் பயமாக இருக்கும், நான் கூட இருக்கிறேன்" என்றால் போதும்.

உலகில் சுமார் 300 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலோ இருபதுகளிலோ தொடங்கும். பரம்பரைக்குப் பங்கு உண்டு, ஆனால் அதுவே முழுக் காரணம் இல்லை. ஒரே உருவ இரட்டையரில் ஒருவருக்கு வந்தால்கூட மற்றவருக்கு வராமல் போவதுதான் அதிகம். பெற்றோர் வளர்த்த விதத்தால் வருவதும் இல்லை. ஒரே ஆள் இரண்டு ஆளாக மாறுவதாகச் சினிமாவில் காட்டுகிறார்களே, அது வேறு சங்கதி.

குரலும் சந்தேகமும் எல்லோர் கண்ணிலும் படும். குளிக்காமல், பேசாமல், எதிலும் நாட்டமில்லாமல் படுத்துக் கிடப்பதும் நோய்தான் என்பது பலருக்குத் தெரியாது. "சோம்பேறி" என்று திட்டுவார்கள். மாத்திரையும் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை. வீடுகளில் சண்டை மூளுவது குரலைவிட இதனால்தான் என்பது என் கணிப்பு. ஒரு சின்ன வேலையை ஒன்றாகச் சேர்ந்து செய்து பாருங்கள், இன்றைக்கு அது போதும்.

1950களில் லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற ஆய்வாளர், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்கள் பின்னர் எப்படி இருந்தார்கள் என்று பார்த்தார். அதைத் தொடர்ந்து வந்த ஆய்வுகள், ஓயாமல் குறை சொல்லும் வீட்டிலும், எதையும் செய்யவிடாமல் பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டிலும் நோய் திரும்புவது அதிகம் என்று காட்டின. குடும்பத்தைக் குற்றவாளியாக்க இதைச் சொல்லவில்லை. குடும்பத்தையும் சேர்த்து ஆலோசனை தரும்போது நோய் திரும்புவது குறைகிறது.

சரி, மாத்திரை. கொஞ்சம் தேறியதும் நிறுத்திவிடுவதுதான் பெரிய சிக்கல். உடம்பு பருமனாகிறது, கை நடுங்குகிறது என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றலாம். தினமும் விழுங்கப் பிடிக்காதவர்களுக்கு மாதம் ஒருமுறை போடும் ஊசிகூட உண்டு. சிலர், "எனக்கு நோயே இல்லை" என்பார்கள். அது பிடிவாதம் இல்லை, பெரும்பாலும் நோயின் ஒரு பகுதி. அங்கே "நோய்" என்ற பேச்சை எடுக்காமல், "தூக்கம் வரவில்லை என்கிறாயே, அதற்காவது டாக்டரைப் பார்க்கலாம்" என்று தொடங்குங்கள்.

சாவதைப் பற்றிப் பேசினாலோ, குரல் எதையாவது செய்யச் சொல்லி ஆணையிட்டாலோ அன்றே சிகிச்சைக்கு அழைத்துப் போக வேண்டும். மற்றபடி, நோய் திரும்பும் முன் தூக்கம் குறையும், தனியே ஒதுங்குவார்கள். அவர் நன்றாக இருக்கும் நாளிலேயே உட்கார்ந்து பேசி, அப்போது யாரைக் கூப்பிட வேண்டும், எந்த டாக்டரிடம் போக விரும்புகிறார் என்று அவர் வாயாலேயே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.