பன்னிரண்டே நொடியில் ஒரு பாட்டு | கோத்தகிரி வராண்டா

வணக்கம், வணக்கம். பின்னால் அதே சில்வர் ஓக் மரம்தான், கையில் அதே கறுப்பு டீதான். ஆனால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் கோபம், நிறைய சந்தோஷம். முதலில் கோபத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன்.

சனிக்கிழமை பாட்டு நேரத்துக்கு விமானம் பற்றிய குழந்தைப் பாடல் புத்தகம் ஒன்று வாங்கினேன் என்று போன வீடியோவில் காட்டினேன் அல்லவா? படம் எல்லாம் அழகு. ஆனால் ரைட் சகோதரர்கள் பாட்டில் "உலகமே கூடி வியந்தது" என்று ஒரு வரி! 1903 டிசம்பர் 17 அன்று, முதல் விமானம் பறந்தபோது, அமெரிக்காவின் கிட்டி ஹாக் கடற்கரையில் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் 5 பேர். ஐந்தே பேர்! அந்தக் குளிரில், அந்த மணலில் ஐந்து பேர் மட்டும் நின்று பார்த்தார்கள் என்பதுதானே குழந்தைக்குச் சொல்ல வேண்டிய கதை? குழந்தைப் பாட்டு என்றால் எதையும் எழுதலாம் என்ற நினைப்பு எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது.

சரி, நாமே எழுதுவோம் என்று உட்கார்ந்தேன். அந்த முதல் பறத்தல் மொத்தம் 12 நொடி, 120 அடி தூரம். அப்படியானால் பாட்டும் 12 நொடியில் முடிய வேண்டும். பிள்ளைகள் பாடி முடிக்கும்போது விமானம் தரையில் இறங்கியிருக்க வேண்டும். முதலில் எழுதியது 19 நொடி ஓடியது. நான்கு வரிகளை வெட்டினேன். அதில் அந்த 5 பேரும் போய்விட்டார்கள், அது இன்னும் மனசுக்கு உறுத்தலாகவே இருக்கிறது. மிச்சம் இதுதான்:

சைக்கிள் கடையில் அண்ணன் தம்பி
செய்த பறவை பாரடா!
கைக்குள் காற்றைப் பிடித்துக் கொண்டு
கடலின் ஓரம் பறந்ததே!
தம்பி படுத்து ஓட்டும் போது
தரையில் அண்ணன் ஓடினார்!
எம்பித் தணிந்து பன்னி ரண்டு
எண்ணி முடிக்க இறங்கிற்றே!

தம்பி ஆர்வில், அண்ணன் வில்பர். ஆர்வில் கீழ் இறக்கை மேல் குப்புறப் படுத்துத்தான் ஓட்டினார். சைக்கிள் கடை என்றதும் பிள்ளைகள் நம்பவில்லை. டேட்டன் ஊரில் அவர்கள் கடை வைத்திருந்ததையும், விமானத்தின் இரண்டு சுழலிகளையும் (ப்ரொபெல்லர்) சைக்கிள் மாதிரியே சங்கிலி போட்டுத்தான் சுற்றவைத்தார்கள் என்பதையும் சொன்ன பிறகு ஒத்துக்கொண்டார்கள்.

அப்புறம் 120 அடியை மைதானத்தில் அளந்து காட்டலாம் என்று கடைவீதியில் டேப் வாங்கினேன். 380 ரூபாய். "எவ்வளவு வேணும்னாலும் அளக்கலாம்க்கா" என்றார் கடைக்காரத் தம்பி. மைதானத்தில் போய் விரித்தால் 100 அடியோடு முடிந்துவிட்டது! ஐம்பது மீட்டர் டேப் பக்கத்திலேயே தொங்கியது, அதை எடுத்திருக்கலாம். 100 அடியில் செங்கல்லை வைத்து, அங்கிருந்து இன்னொரு 20 அடி அளந்து சுண்ணாம்பு போட்டோம். அதற்குள் மேட்டு ஓரம் ஒரு காட்டெருமை வந்து நின்றுகொண்டது. அது தேயிலைக்குள் இறங்கும் வரை முக்கால் மணி நேரம் எல்லோரும் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தோம். அந்த முக்கால் மணி நேரத்தில்தான் பாட்டு எல்லோருக்கும் மனப்பாடம் ஆனது.

இப்போது சந்தோஷத்துக்கு வருகிறேன். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி கோட்டிலிருந்து கோட்டுக்கு ஓடினாள். 8 நொடி! "அக்கா, நான் ஏரோப்ளேனை முந்திட்டேன்!" என்று அவள் கத்தியது ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். உண்மைதான், முந்திவிட்டாள். ரைட் சகோதரர்கள் பறந்த அன்றைக்கு எதிர்க்காற்று மணிக்கு 20 மைலுக்கு மேல் அடித்தது. காற்றைக் கிழித்துக்கொண்டு விமானம் வேகமாகத்தான் போனது, தரையில் பார்த்தால் மெதுவாக நகர்ந்தது. அதனால்தான் வில்பரால் கூடவே ஓட முடிந்தது. இதை நான் விளக்குவதற்கு முன்பே ஒரு பையன் சொன்னான்: "கோடநாடு வியூ பாயின்ட்ல கழுகு காத்துக்கு எதிரா அப்படியே நிக்குமே, அது மாதிரியாக்கா?" அதே மாதிரிதான் கண்ணா!

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்றைக்கே நான்கு முறை பறந்தார்கள். நான்காவதில் வில்பர் 59 நொடி, 852 அடி. அதன் பிறகு காற்று அந்த விமானத்தைப் புரட்டிப் போட்டு உடைத்துவிட்டது, அது மறுபடி பறக்கவே இல்லை. அதற்குத் தனியாக 59 நொடிப் பாட்டு எழுத ஆரம்பித்திருக்கிறேன். அந்த ஐந்து பேரையும் அதில் உட்கார வைத்துவிடுவேன்.

ஆடு, வாத்து, சேவல் பாட்டு எங்கே என்று கேட்டவர்களுக்கு: அடுத்த வாரம். 1783 செப்டம்பரில் வெர்சாய் அரண்மனையில், மான்கோல்ஃபியே சகோதரர்களின் சூடான காற்றுப் பலூனில் போன மூவர். வாத்து ஏற்கெனவே உயரப் பறக்கும், சேவல் அவ்வளவு பறக்காது, ஆடு பறக்கவே பறக்காது. மேலே போனால் உயிருக்கு என்ன ஆகும் என்று பார்க்கத்தான் இந்த மூன்றையும் ஏற்றினார்கள். அந்தக் காரணம் பாட்டில் இல்லாமல் நான் எழுத மாட்டேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் இன்றைய பாட்டைக் கொடுத்து, ஃபோனில் நொடி பார்த்து எனக்கு எழுதுங்கள். 14 வந்தால் "பிடித்துக் கொண்டு" என்ற இடத்தில் மூச்சு வாங்குகிறார்கள். அங்கே நிற்க விடாதீர்கள், "கடலின் ஓரம்" வரை ஒரே மூச்சில் போகச் சொல்லுங்கள்.