கதவைச் சாத்திவிட்டுப் போங்கள்

(வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

நண்பர்களே, வணக்கம்.

ஸ்காட்லாந்து என்றதும் மலையேறிய கதை வரும் என்று வந்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். நான் நடந்தது சமதரையில். என் முழங்காலுக்கு அதுதான் கட்டுப்படியாகும். எடின்பரோவிலிருந்து தெற்கே பேருந்தில் ஒரு மணி நேரம் போனால் பீபிள்ஸ் என்ற சின்ன ஊர். ஊரை ஒட்டி ட்வீட் ஆறு. கரையோரமாகவே புல்வெளிக்குள் ஒரு தடம் போகிறது.

அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை. சிறிது தூரத்தில் ஒரு மரக்கதவு, அந்தப் பக்கம் ஆடுகள். யாருடைய நிலமோ, உள்ளே போனால் சத்தம் போடுவார்களோ என்று தயங்கி நின்றேன். வேலியைச் சரிபார்த்துக்கொண்டிருந்த பெரியவரிடம், "போகலாமா?" என்று கேட்டேன். அவர் விசித்திரமாகப் பார்த்தார். "அதை ஏன் என்னிடம் கேட்கிறீர்கள்? கதவைச் சாத்திவிட்டுப் போங்கள், போதும்."

அவர் ஏதோ பெருந்தன்மையில் சொன்னதாகத்தான் முதலில் நினைத்தேன். அப்படியில்லை, அது சட்டம். 2003-இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது. நிலம் யார் பெயரில் இருந்தாலும் பொறுப்போடு நடந்துகொள்கிற எவரும் அதில் நடக்கலாம். வீட்டை ஒட்டிய தோட்டம், பயிர் நிற்கிற வயல் போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. பக்கத்து இங்கிலாந்தில் இவ்வளவு தாராளம் கிடையாது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கரையில் நடக்க யாரையும் கேட்க வேண்டாம். அதே ஆற்றில் சால்மன் பிடிக்க வேண்டுமானால் அந்த உரிமை யாரிடம் இருக்கிறதோ அவரிடம் அனுமதி வாங்க வேண்டும். அங்கே சால்மன் மீன் பிடிக்கும் உரிமை நிலத்திலிருந்து பிரிந்த தனிச் சொத்து. நிலத்தைப் போலவே அதையும் விற்கலாம், வாங்கலாம்.

ஆற்றோரத் தட்டை நிலத்தை அங்கே 'ஹாஹ்' என்கிறார்கள். காவிரிக்காரர்கள் படுகை என்கிறோமே, அதுவேதான். கம்பி வேலியில் என் மார்பு உயரத்துக்குக் காய்ந்த புல்லும் சுள்ளியும் கொத்துக்கொத்தாகச் சிக்கியிருந்தன. யாரோ உலரப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். கையில் எடுத்து உதிர்த்தால் நடுவில் மணல்! போன வெள்ளத்தில் ஆறு அந்த உயரத்துக்கு ஏறி வந்து போயிருக்கிறது. நான் நின்றுகொண்டிருந்தது ஆற்றுக்குள். புல்வெளியில் ஒரு வீடுகூட இல்லாத காரணமும் அப்போதுதான் உறைத்தது. பெருக்கெடுத்தால் பரவிக்கொள்ள ஆற்றுக்கென்று விட்டுவைத்த இடம் அது. இவ்வளவு மெத்தென்ற நடைபாதை கிடைத்ததும் அதனால்தான்.

இன்னும் கொஞ்ச தூரத்தில் ஆறு குறுகி வளைகிறது. மேலே பாறைமீது நீட்பாத் கோட்டை. கோட்டையைவிட அதைச் சுற்றியுள்ள மரங்களைத்தான் நான் அதிக நேரம் பார்த்தேன். 1795-இல் அதன் சொந்தக்காரரான குவீன்ஸ்பரி பிரபு இங்கே நின்ற பழைய மரங்களையெல்லாம் வெட்டித் தள்ளினார். அவர் மரம், அவர் வெட்டினார், சட்டப்படி தவறில்லை. 1803-இல் அந்த வழியே வந்த ஆங்கிலக் கவி ஒருவர் அவரைத் திட்டிப் பாட்டே எழுதிவிட்டார். இப்போது மறுபடி மரங்கள் நிற்கின்றன.

தண்ணீருக்கு நடுவே ஒரு கல்லில் டிப்பர் என்ற குருவி. கரும்பழுப்பு உடம்பு, மார்பில் மட்டும் சலவைச் சட்டை போட்டதுபோல வெள்ளை. முழங்காலை மடக்கி மடக்கி வணக்கம் வைத்துக்கொண்டே இருந்தது. பிறகு நீந்தாமல், பறக்காமல், படியிறங்குவதுபோல நடந்தே தண்ணீருக்குள் போய்விட்டது! மூச்சைப் பிடித்துக்கொண்டு எண்ணினேன். நான் பதினொன்று எண்ணுவதற்குள் வாயில் புழுவோடு அதே கல்லுக்கு ஏறி வந்தது.

1864-இல் திறந்த ரயில் பாதையின் கல்பாலம் ஒன்று ஆற்றைக் குறுக்கே கடக்கிறது. 1950-இல் பயணிகள் ரயில் நின்றுபோனது. இன்று நடப்பவர்களுக்குத்தான் பாலம். அதில் ஏறி எதிர்க்கரை வழியாக ஊருக்குத் திரும்பினேன்.

ஊர்ப் பாலத்தருகே சின்ன அணை. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து நாலைந்து பேர் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடலிலிருந்து முட்டையிட ஏறிவருகிற சால்மன் அணையைத் தாண்டக் குதிக்கிறது, விழுகிறது, திரும்பக் குதிக்கிறது. இந்த ஊரின் சின்னத்திலேயே மூன்று சால்மன்கள் உண்டு. 'நீரோட்டத்தை எதிர்த்து நீந்துவதில்தான் வளர்ச்சி' என்பது கீழே உள்ள லத்தீன் வாசகத்தின் பொருள்.

பக்கத்தில் நின்ற தாத்தாவிடம், "இவ்வளவு மீன் குதிக்கிறதே, தூண்டில்காரர் ஒருவரையும் காணோமே?" என்றேன்.

"ஞாயிற்றுக்கிழமை சால்மன் பிடிக்கத் தடை," என்றார். "அதுகளுக்கும் தெரியும் போலிருக்கிறது. என்ன ஆட்டம் பாருங்கள்!" சொல்லிவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "நாளைக் காலையில் வருகிறேன்."