முதுகில் புள்ளி வைத்த தேனீக்கள்

அவையோர்க்கு வணக்கம். இளையர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். அதனால் ஓர் ஆய்வு மாணவர் செய்த வேலையைப் பற்றியே பேசுகிறேன்.

களைக்கொல்லி தேனீயை ஒன்றும் செய்யாது என்று நெடுநாள் நம்பினார்கள். காரணமும் இருந்தது. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி மருந்து செடியில் உள்ள ஒரு நொதியை முடக்கித்தான் அதைக் கொல்கிறது. விலங்குகளுக்கும் பூச்சிகளுக்கும் அந்த நொதி கிடையாது. சரி, தேனீயின் குடலில் குடியிருக்கும் பாக்டீரியாக்களுக்கு? அவற்றில் பலவற்றுக்கு உண்டு.

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் நான்சி மோரனிடம் ஆய்வு மாணவராக இருந்த எரிக் மோட்டா இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டார். வயலிலும் சாலையோரத்திலும் காணப்படும் அளவுக்குத் தேனீக்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார்கள். அடையாளத்துக்கு முதுகில் வண்ணப் புள்ளி வைத்துத் திரும்பவும் கூட்டில் விட்டார்கள். மூன்று நாள் கழித்து, மொய்க்கிற கூட்டத்துக்குள் அந்தப் புள்ளிகளைத் தேடிப் பிடித்துக் குடலைச் சோதித்தார்கள். முக்கியமான எட்டு வகை பாக்டீரியாக்களில் நான்கு குறைந்துபோயிருந்தன.

குடல் பாக்டீரியா குறைந்த தேனீ நோயைத் தாங்குமா என்று அறிய, அப்புறம் நோய்க்கிருமியைக் கொடுத்துப் பார்த்தார்கள். குடல் நலமாக இருந்த தேனீக்களில் ஏறக்குறைய பாதி எட்டு நாள் கழித்தும் உயிரோடு இருந்தன. களைக்கொல்லி உண்டவற்றில் பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியது. 2018இல் வெளியான ஆய்வு இது.

ஒரு மருந்து தேனீக்குத் தீங்கா என்று பார்க்கும் வழக்கமான முதற்கட்டச் சோதனை 48 மணி நேரத்தில் எத்தனை தேனீ செத்தது என்று எண்ணும். இந்தச் சேதம் அந்தக் கணக்கில் வரவே வராது. மருந்து கொல்லவில்லை, நோயைத் தாங்கும் தெம்பைப் பறித்தது. எனக்கு இதுதான் பெரிய கவலை.

லிம் சூ காங் பக்கம் இருக்கிற சில பண்ணைகளை விட்டால் சிங்கப்பூரில் நமக்கு ஏது வயல் என்பீர்கள். நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கு மேல் இறக்குமதி. தேக்கா சந்தையில் வாங்கும் பாகற்காயையும் பூசணியையும் நினைத்துப் பாருங்கள். அவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ போன்ற பூச்சி மகரந்தத்தைக் கொண்டுவந்து சேர்க்காவிட்டால் பிஞ்சு வெம்பி உதிர்ந்துவிடும். நம் தட்டுக்கான அந்த உழைப்பு வெளிநாட்டு வயலில் நடக்கிறது. காயில் மருந்து தங்கியிருக்கிறதா என்று கேட்கிற நாம், பூவில் தங்கியதையும் கேட்க வேண்டும்.

மோட்டா ஆராய்ந்தது மேலைநாட்டுப் பெட்டித் தேனீயை. இங்கே நம் மரங்களில் கூடு கட்டுவது ஆசியத் தேனீயும் மலைத்தேனீயும். உயிரியல் படிக்கும் பிள்ளைகளே, ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறவர்கள் இவற்றின் குடலைப் பற்றி உங்கள் பேராசிரியரிடம் போய்க் கேளுங்கள்.