கோபுரத்தைவிடப் பெரிய செருப்பு

நேயர்களுக்கு வணக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ரொம்ப வருஷம் ஓவிய ஆசிரியராக இருந்தவன் நான். ஒரு தடவை ஆறாம் வகுப்பில், வாய்க்காலில் தண்ணீர் வந்த அன்றைக்குப் பார்த்ததை வரையச் சொன்னேன்.

மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி திறந்தாலும் நம் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் எட்டச் சில நாள் ஆகும். பிள்ளைகள் கரையிலேயே கிடப்பார்கள். முதல் தண்ணீர் தெளிவாகவா வரும்? நுரையும் சருகும் வைக்கோலுமாக, தரையை நக்கிக்கொண்டு மெதுவாக வரும். அதற்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்து போவதுதான் விளையாட்டு.

ஒரு சிறுமியின் படத்தில் கோயில் கோபுரம் கட்டைவிரல் அளவு. நடு வாய்க்காலில் ஒரு ரப்பர் செருப்பு, பாதித் தாளை அடைத்துக்கொண்டு மிதக்கிறது. அளவே தெரியவில்லையே என்று பத்துக்கு நாலு போட்டுவிட்டு, “செருப்பு ஏம்மா இவ்வளவு பெருசு?” என்று கேட்டேன்.

“அது என்னோடது சார். போயிருச்சு.”

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், கூடத்துச் சுவரில் எங்கள் பாட்டி காலத்துத் தஞ்சாவூர்ப் படம். பலாப்பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத்தூள் பசையால் மேடு கட்டி, தங்க ரேக்கும் கல்லும் பதித்த வெண்ணெய்க் கிருஷ்ணன். தவழ்கிற வயசுதான். ஆனால் சாமரம் வீசும் பெரிய பெண்கள் அவன் தோளுக்குக்கூட வரவில்லை. நாற்பது வருஷமாகப் பார்த்த படம். அதற்கு யாராவது நாலு மார்க் போடுவார்களா? எது முக்கியமோ அது பெரிசு. அந்தச் சித்திரக்காரருக்கும் என் மாணவிக்கும் ஒரே கணக்கு.

காலண்டரில் கன்னத்தில் கைவைத்துச் சிரிக்கும் குழந்தைப் படங்கள் எனக்குப் பிடிப்பதில்லை. அவை குழந்தையை வெளியிலிருந்து பார்த்துக் கொஞ்சுகின்றன, அவ்வளவுதான். ஐரோப்பிய ஓவியர் பீட்டர் புரூகல் 1560-இல் வரைந்த ‘குழந்தைகளின் விளையாட்டுகள்’ அப்படியில்லை. வியன்னா அருங்காட்சியகத்தில் இருக்கிறது; நான் அச்சில்தான் பார்த்தேன். ஒரு ஊர்ச் சதுக்கம் முழுக்க இருநூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகள், எண்பது சொச்சம் விளையாட்டு. இடது மூலையில் இரண்டு பேர் எலும்புத் துண்டுகளை வைத்து ஆடுவது அப்படியே நம் அஞ்சாங்கல். பச்சைக்குதிரை உண்டு, பம்பரம் உண்டு, ஆற்றில் குளிப்பதும் உண்டு. நாம் சைக்கிள் டயர் உருட்டினோம், அவர்கள் பீப்பாய் வளையம் உருட்டுகிறார்கள். ஆனால் தேடித்தேடிப் பார்த்தாலும் சிரிக்கிற முகம் அநேகமாக இல்லை. எல்லாரும் ஏதோ தலைபோகிற வேலை மாதிரி ஆடுகிறார்கள். ஆடிப்பெருக்கன்று சப்பரம் இழுத்துப் போகும் நம் பிள்ளைகளின் முகத்தைக் கவனியுங்கள். சக்கரம் கழன்றுவிடுமோ என்ற கவலையில் எவன் சிரிப்பான்?

சரி, அந்த நாலு மார்க்குக்கு வருகிறேன். மறுநாள் அதை ஒன்பதாகத் திருத்தினேன். அவள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. “மிச்சம் இருக்கிற ஒத்தைச் செருப்பை என்னம்மா பண்ணினே?” என்றேன்.

“மதகுகிட்டயே வச்சிருக்கேன் சார். அது திரும்பி வந்தா இடம் தெரியணும்ல?”