ரெண்டு தடவை காலியான ஊர்

நேயர்கள் எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்கு நான் பேசப்போறது செக் நாட்டோட தெக்குப் பக்கம், போஹீமியாவுல இருக்கற ஹோலஷோவிட்ஸேங்கற கிராமத்தப் பத்தி. செஸ்கே புத்யேயோவிட்ஸேன்னு பீருக்குப் பேர்போன பெரிய டவுன் ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்து மேக்கால ஒரு பதினஞ்சு கிலோமீட்டர்தான். சுத்தி வயக்காடு, குளங்கள், ஒரு பக்கம் பிளான்ஸ்கி காட்டு மலை. நூத்துச் சொச்சம் பேர்தான் குடியிருக்காங்க.

ஊருக்கு நடுவுல நீளவாக்குல பெரிய புல்வெளி, அதுல ஒரு சின்னக் குளம், 1755ல கட்டின குட்டித் தேவாலயம். புல்வெளியச் சுத்தி இருபதுக்கும் மேல பண்ணை வீடுங்க, எல்லாமே குறுகலான முகப்ப அந்தப் புல்வெளியப் பாத்து வச்சிருக்கும். ஒரு பக்கம் வீடு, ஒரு பக்கம் தானியம் கொட்டற கட்டடம், நடுவுல வண்டி போற வளைவு வாசல், அதுக்குள்ள முற்றம், மாட்டுக்கொட்டில், பின்னாடி தோட்டம், அப்புறம் வயல். முகப்போட உச்சி அலை மாதிரி வளைஞ்சு சுருண்டு இருக்கும், சுண்ணாம்புப் பூச்சுலயே பூ வேலை, கட்டின வருஷமும் எழுதியிருப்பாங்க. பணக்காரங்க அரண்மனைக்கும் சர்ச்சுக்கும் கட்டின பரோக் பாணிய உள்ளூர்க் கொத்தனாருங்க தன் கைக்கு ஏத்த மாதிரி வளைச்சுக்கிட்டாங்க பாருங்க, எனக்கு அந்த அரண்மனைங்களவிட இதுதான் அழகு.

1263லயே இந்த ஊர்ப் பேரு ஏட்டுல இருக்கு. 1292ல ராஜா ரெண்டாம் வென்செஸ்லாஸ் இத விஷ்ஷி பிராட்ங்கற கிறிஸ்தவத் துறவிங்க மடத்துக்குக் கொடுத்துட்டாரு, அதுக்கப்புறம் 1848 வரைக்கும் மடத்து ஊர்தான். 1520ல ஆரம்பிச்சு அஞ்சாறு வருஷம் பிளேக் வந்து ஊரையே அடிச்சிட்டுப் போயிடுச்சு, மிஞ்சினது ரெண்டே பேருன்னு சொல்றாங்க, ரெண்டே பேர்! அந்தச் சாவுங்களோட நினைவா ஒரு தூண் இன்னைக்கும் நிக்குது. அப்புறம் மடம் பவேரியா, ஆஸ்திரியா பக்கமிருந்து ஆளுங்களக் கூட்டிட்டு வந்து குடிவச்சுது, அதனால ஊர்ல ஜெர்மன் பேச்சு வந்து, நானூறு வருஷம் அதுவே நிலைச்சுப்போச்சு.

ரெண்டாம் உலகப் போர் முடிஞ்சதும் செக்கோஸ்லோவாக்கியாவுலேர்ந்து ஏறக்குறைய 30 லட்சம் ஜெர்மன்காரங்கள வெளியேத்தினாங்க. நாஜிங்க அந்த மண்ணுல பண்ணின கொடுமைக்கு அப்புறம் நடந்ததுதான், ஆனா தலைமுறை தலைமுறையா உழுத நெலத்த விட்டுட்டுப் போனவங்கள்ல இந்த ஊர்க்காரங்களும் இருந்தாங்க. மறுபடியும் வீடுங்க காலி. பல பண்ணைங்க கவனிக்க ஆளில்லாம பாழடைஞ்சுது, கூடவே இன்னொண்ணும் ஆச்சு, இடிச்சுட்டு புதுசா மாடி எழுப்பவும் யாரும் இல்ல. வேற ஊருங்கள்ல கான்கிரீட்டு வந்து முகமே மாறினப்ப இங்க பழைய மனைக்கட்டு, புல்வெளி, வாசல் எல்லாம் அப்படியே கெடந்துச்சு. 1990க்கு அப்புறம் ஒவ்வொரு வீடா சரிபண்ணினாங்க, 1998ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம்னு அறிவிச்சுது. துக்கத்தாலதான் இந்த அழகு மிஞ்சினுச்சுங்கறத நெனச்சா மனசு கனத்துப்போகுது.

இப்ப அங்க இருக்கறது மியூசியம் இல்லீங்க, ஜனங்க குடும்பம் நடத்தற ஊரு. ஜூலைக் கடைசியில விவசாயத் திருவிழா நடக்கும், கைத்தொழில் பண்றவங்க புல்வெளி பூரா கடை போடுவாங்க. கூட்டம் வேணாம்னா வேற மாசத்துல காலையிலயே போங்க, குளத்துக்கு எதிர்ல நின்னு முகப்புல இருக்கற வருஷங்கள ஒண்ணொண்ணா படிச்சுக்கிட்டே ஊரச் சுத்தி வந்துடலாம்.